செசிலியும் அறுபத்து மூன்று மேற்கோள்களும்

செசிலி டீச்சர் பெயரில் மொத்தம் ஒன்பது ஆய்வுக் கட்டுரைகள்தான் வந்திருந்தன. அருமனைப் பக்கம் ஒரு கல்லூரியில் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் விலங்கியல் நடத்திக்கொண்டு, துறைக்கே ஒன்றே ஒன்றாக இருந்த நல்ல மைக்ராஸ்கோப்புக்கு முறை காத்துக்கொண்டு, அதற்குமேல் எழுத முடியவில்லை. அவற்றில் எட்டை யாரும் சீந்தவில்லை. 2005-இல் வந்த ஒன்றை மட்டும் எங்கெங்கோ மேற்கோள் காட்டினார்கள்.

கயிறு திரிக்கத் தேங்காய்க் கதம்பையை, அதாவது உரித்த மட்டையை, ஊறவைத்து அழுகவிட்ட காயல் தண்ணீர் கடலில் கலக்கிற இடத்தில், சிப்பியின் செவுள் செல்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அந்தக் கட்டுரை. செசிலி பிறந்தது கடற்கரையில். பாறையடியில் முங்கிச் சிப்பி எடுத்துக் கொடுத்தது அவளுடைய அண்ணன் ஆன்ட்ரூஸ். பதினொரு மாதம் கண் வலிக்க வலிக்கச் செல்களை எண்ணினாள். அந்தத் தண்ணீரில் செல்கள் சேதமாகின்றன. ஆனால் நல்ல கடல்நீரில் பத்து நாள் விட்டால் தேறிவிடுகின்றன. இந்தப் பின்பாதிதான் அவள் கண்டுபிடித்தது. முன்பாதி அவளுக்கு முன்பே பலருக்கும் தெரியும்.

2013 ஜூனில் கல்லூரி முதல்வர் ஞானதாசன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கம்ப்யூட்டரில், மேற்கோள்களை எண்ணிக் காட்டும் தளத்தில் அவளுடைய பக்கம் திறந்திருந்தது.

"அறுபத்து மூணு மேற்கோள் டீச்சர்! நம்ம காலேஜில வேற ஆருக்கு இருக்கு? பதவி உயர்வுக்கு உடனே எழுதிக் குடுங்க. லிஸ்ட்ட மட்டும் இணைச்சிருங்க."

பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் அவள் அந்த அறுபத்து மூன்றையும் முதல்முறையாக வாசித்தாள். கதம்பைத் தண்ணீரால் சிப்பி மீளவே முடியாமல் கெட்டுப்போகிறது என்று செசிலி நிரூபித்திருக்கிறார், என்றது ஒன்று. அடுத்ததும் அதையே சொன்னது. அதற்கடுத்தது இன்னும் ஒரு படி போய், சிப்பி உண்ணத் தகாதது என்றது. முப்பத்தெட்டுப் பேர் தலைகீழாக எழுதியிருந்தார்கள். அதில் பாதிப்பேர் அவள் பெயரையே 'செலிசி' என்று போட்டிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். மூலத்தைத் தொடக்கூட இல்லை.

அந்த வாரமே ஆன்ட்ரூஸ் போன் செய்தான். யாரோ ஒரு நிருபர் அந்த முப்பத்தெட்டில் ஒன்றைப் பிடித்துப் பத்திரிகையில் போட்டுவிட்டார்.

"ஏட்டி, நீயா எழுதின, சிப்பி திங்கப்பிடாதுன்னு? நம்ம சிப்பிய ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான். சொந்தத் தங்கச்சியே இப்பிடி எழுதிட்டாளேன்னு என்னப் பாத்துக் கேக்கானுவ."

"நான் அப்பிடி எழுதவே இல்லண்ணே! தேறீரும்னுதான் எழுதினேன்."

"பின்ன ஏன் பேப்பர்ல உன் பேரு கெடக்கு?"

போனை வைத்துவிட்டு மேசையை ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

மறுநாளிலிருந்து முப்பத்தெட்டுப் பேருக்கும் மின்னஞ்சல் எழுதினாள். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் மன்னிப்புக் கேட்டார். இன்னொருவர், சுருக்கத்தை மட்டும்தான் படித்தேன், முழுக் கட்டுரை கிடைக்கவில்லை, உங்களுக்கும் ஒரு மேற்கோள் கூடியிருக்கிறதே, என்று எழுதியிருந்தார். கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு விளக்கம் அனுப்பினாள். ஏழு மாதம் கழித்து அரைப் பக்கம் போட்டார்கள். பத்திரிகையும் ஒரு மூலையில் நாலு வரி போட்டது. அதற்குள் ஆட்கள் அந்தச் செய்தியை மறந்து பழையபடி சிப்பி வாங்கத் தொடங்கியிருந்தார்கள்.

பதவி உயர்வுப் படிவத்தில் மேற்கோள்கள் 25 என்று எழுதி, அந்த அரைப் பக்கத்தையும் இணைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அறுபத்து மூணுல்லா?"

"மிச்சம் முப்பத்தெட்டும் தப்பு சார். நான் சொல்லாதத சொன்னேன்னு எழுதியிருக்காங்க."

"தப்போ சரியோ, கமிட்டி எண்ணிக்கையத்தான பாக்கும் டீச்சர்?"

"செல்கள ஒவ்வொண்ணா எண்ணினவ சார் நான். இதயும் பாத்துத்தான் எண்ணுவேன்."

கமிட்டி அந்த ஆண்டு அவளுக்குக் கொடுக்கவில்லை. அரைப் பக்க விளக்கம் கட்டுரைக் கணக்கில் சேராது என்று ஒரு குறிப்பு மட்டும் வந்தது. இணைப் பேராசிரியர் பதவி 2016-இல் கிடைத்தது, அதுவும் பணிமூப்பில். அப்போது அவளுடைய பக்கத்தில் மேற்கோள் தொண்ணூற்றொன்று. புதிதாக வந்தவற்றில் ஒன்றுகூட அந்த அரைப் பக்கத்தைக் குறிப்பிடவில்லை. நான்கு பேர் மறுபடியும் செலிசி என்றே எழுதியிருந்தார்கள்.