டாக்டரம்மாவின் தாயார் மலைமேல் கேட்டது

“வாஸ் இஸ்ட் டாஸ்?” நாமக்கல் மலைக்கோட்டை உச்சியில் நின்றுகொண்டு அந்த அம்மாள் இதையே முப்பது தடவை கேட்டிருப்பார். ஜெர்மன் பாஷையில் ‘அது என்ன’ என்று அர்த்தம். யுத்தம் மூள்வதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய கதை. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைப் பெற்றவர் அவர். டாக்டரம்மாவும் ஜெர்மன்காரர்தான், ஊருக்கு நாலு கல் தொலைவில், ஓட்டுக் கட்டிடத்தில் ஆஸ்பத்திரி நடத்திவந்தார். அங்கே புண்ணுக்குக் கட்டுப்போடும் வேலை எனக்கு.

மகளைக் கையோடு கூட்டிப்போகத்தான் தாயார் கப்பலேறி வந்திருந்தார். அது தெரிந்த நாள் முதல் எனக்கு வேலையே ஓடவில்லை. என் வீட்டுக்காரர் ஜன்னி கண்டு கிடந்தபோது பிழைக்க வைத்தவர் டாக்டரம்மா. அவரும் போய்விட்டால் இந்தச் சனத்துக்கு யார் இருக்கிறார்கள்? புறப்படுமுன் ஊர் பார்க்க வேண்டும் என்றார் தாயார். மகளுக்குக் கால் சுளுக்கு. மலையடியில் புளியமரத்தின் கீழ் உட்கார்ந்துகொண்டு என்னை உடன் அனுப்பினார். எட்டு வருஷம் அவரோடு புழங்கியதில் நாலு ஜெர்மன் வார்த்தை எனக்கும் ஒட்டியிருந்தது.

எழுபது வயசு. பாறையில் வெட்டிய படிகளில் விறுவிறுவென்று ஏறினாரே, அடேயப்பா, எனக்குத்தான் மூச்சு வாங்கியது! மேலே போனதும் விரலை நீட்ட ஆரம்பித்தார். நீலமாகக் கிடந்த கொல்லிமலையைக் காட்டினார். மலை என்பதற்கு ‘பெர்க்’ என்றேன். கமலாலயக் குளத்தைக் காட்டினார்; தண்ணீர் என்பதற்கு ‘வாஸர்’ என்றேன். கூரையில்லாமல் வானம் பார்த்து நிற்கும் ஆஞ்சநேயருக்கு வார்த்தை அகப்படாமல், “சாமிங்கம்மா, பெரிய்ய சாமி” என்று கைகூப்பினேன். இருக்கிற பெருமையையெல்லாம் கடை பரப்பினேன். இவ்வளவையும் பார்த்தால் மனசு மாறாதா என்று ஒரு நப்பாசை. நன்றாயிருக்கிறது என்பதுபோல் தலையாட்டினார், அவ்வளவுதான்.

கடைசியாக நேரே கீழே விரலை நீட்டினார். “வாஸ் இஸ்ட் டாஸ்?”

எட்டிப் பார்த்தேன். புளியமரத்தைச் சுற்றிச் சனமோ சனம். சந்தைக்குப் போன வண்டிகளை வழியிலேயே அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள், தூக்கிவந்த கிழங்கள், ஆள்மாற்றி ஆள் வந்துகொண்டேயிருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைத் தொப்பி. அதற்கு யாரோ குடை பிடித்திருந்தார்கள். மருந்துப் பையில்லாமல் அவர் வெளியே கிளம்பியதேயில்லை.

“நம்ம டாக்டரம்மாங்க” என்றேன். டாக்டர் என்ற வார்த்தை அவருக்கும் புரிந்தது. மலையைப் பார்த்தபோது வராத பிரமிப்பு அந்த முகத்தில் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் எதையும் கேட்கவில்லை.

இறங்கி வந்தபோது டாக்டரம்மா ஒரு பையனுக்குக் கட்டி கீறிக்கொண்டிருந்தார். “அழுவாத சாமி, ஆச்சு ஆச்சு” என்று கெஞ்சிய தாயால் அவனை அடக்க முடியவில்லை. டாக்டரம்மாவின் தாயார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்து அவன் கால்களைப் பிடித்துக்கொண்டார். வெயில் தாழும்வரை, ஒவ்வொரு குழந்தையாகப் பிடித்துக்கொடுத்தார்.

வண்டியில் திரும்பும்போது மகளிடம் ஏதோ சொன்னார். டாக்டரம்மா தாய் மடியில் முகம் புதைத்து அழுதார். “என்னங்கம்மா, என்ன ஆச்சுங்க?” என்று பதறினேன்.

“தனியாவே போறேன்னு சொல்றாங்க.”

அவர் கப்பலேறிப் போனபின் அந்தத் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. என் மகளை இதோ இருக்கிற மோகனூருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தவள் நான். எப்படித்தான் மனசு வந்ததோ அந்த மகராசிக்கு!