ஊருக்கு ஓர் ஆள், ஒரு பை கார்டு

டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பாயசம் வரும், கல்யாண வீடு வரும். எனக்கு ஜட்டி மட்டும் போட்ட வெள்ளைக்காரப் பயில்வான்கள் வருகிறார்கள். போன வாரம் கம்பத்தில் ஒரு டீக்கடையில் நின்றபோதும் அதுதான் நடந்தது. கடைக்காரர் இரண்டு காயை நசுக்கிப் போட்டார். முதல் வாய் உள்ளே போவதற்குள் மொட்டைத் தலையும் முறுக்கு மீசையுமாக நாலு பேர் கண் முன்னால் வந்து தொடையைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். "என்ன சார், டீ சரியில்லையா?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். அவரிடம் என்னத்தைச் சொல்ல? சூடு என்று சொல்லிவிட்டேன்.

உங்களிடம் சொல்லலாம். இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ. கம்பம் பள்ளத்தாக்கில் கேபிள் டிவி இல்லாத தெரு இல்லை என்று ஆகியிருந்த சமயம். அதில் வந்த மல்யுத்தத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தலையணையைத் தூக்கிப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயில்வான்களின் படம் போட்ட கார்டுகள் பெட்டிக்கடையில்கூடத் தொங்கின. ஒவ்வொரு கார்டிலும் உயரம், எடை, மார்பளவு, எத்தனை சண்டை, எத்தனை வெற்றி, எத்தனையாவது ரேங்க் என்று எண்கள் இருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மேல் கார்டைப் பிடித்துக்கொண்டு, "எடை!" என்று ஒருவன் கேட்டால், யார் கார்டில் எடை அதிகமோ அவனுக்கு இரண்டு கார்டும். இவ்வளவுதான் ஆட்டம். பயில்வான்களின் இங்கிலீஷ் பெயரெல்லாம் நம் பிள்ளைகளுக்கு ஆகவில்லை. மொட்டை, சங்கிலி, சடையன், சவப்பெட்டி என்று அவர்களே பெயர் வைத்து வீட்டு ஆட்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நோட்டீஸ் அடிக்கிற வேலையில் இருந்தேன். பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு, 'கணிதம்' என்ற சொல்லை எத்தனை விதமான எழுத்துருவில் அடிக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருந்த காலம். நோட்டீஸ் என்றால் லேசாக நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் ஒரு கபடிப் போட்டி என்றால், ஆடுகிறவர்கள் பற்றி நோட்டீஸில் ஒரு வரிகூட இருக்காது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை, அன்பளிப்பு, ஒலி ஒளி உதவி என்று பெயர்கள் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். யார் பெயருக்கு மேல் யார் பெயர் என்பதில் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட கதை எனக்கே தெரியும். அந்தப் பாவத்தில் கால் பங்கு டைப் அடித்தவனுக்கும் உண்டு.

கடைக்கு எதிரே சாலமனின் பேன்சி ஸ்டோர். கார்டு விற்பவன் அவன்தான். இரண்டு கடைக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு கடைப் பேப்பரையும் ஓசியில் படிப்பவன் தர்மர். வார்டு கவுன்சிலர் ஆகிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு தொழில் இல்லை. மூன்று பேரும் ஒரே வயது, ஒரே அளவு வேலைவெட்டி. ஒருநாள் பிள்ளைகள் படிக்கட்டில் கார்டு ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த தர்மர் திடீரென்று பேப்பரை மடித்தான்.

"ஏலே, இதுக்கு ஒரு டோர்னமெண்ட் வச்சா என்னலே? கபடிக்கு வைக்கிறாக, வாலிபாலுக்கு வைக்கிறாக. இதுக்கு இந்தப் பக்கத்துல இதுவரைக்கும் எவனும் வச்சதில்லேல்ல?"

அரை மணி நேரத்தில் கம்பம் பள்ளத்தாக்கு கார்டு விளையாட்டுக் கழகம் உதயமாகிவிட்டது. தர்மர் தலைவர், நான் செயலாளர், சாலமன் பொருளாளர். கார்டை அச்சடித்த கம்பெனிக்கு இப்படி ஒரு கழகம் இருப்பது தெரியாது. "நாம சுயேச்சைலே" என்று தர்மர் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். பின்னால் தேர்தலில் நிற்கும்போதும் அவனுக்கு அந்த நிலைமைதான் வாய்த்தது. ஒன்றை மட்டும் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் மூன்று பேரும் அந்த ஆட்டத்தை ஒருமுறைகூட ஆடியதில்லை. விற்றுக்கொண்டிருந்த சாலமனுக்கே 'ரேங்க்' என்று கேட்டால் பெரிய எண் ஜெயிக்குமா சின்ன எண் ஜெயிக்குமா என்று தெரியாது.

ஆனால் விதிமுறை எழுதினோம். கபடி நோட்டீஸை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினோம். கபடியில் ஊருக்கு ஓர் அணி என்பதால், இதில் ஊருக்கு ஓர் ஆள். அந்த ஆள் ஊர்ப் பிள்ளைகளின் கார்டையெல்லாம் ஒரே பையில் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். தோற்றால் பையை அப்படியே ஜெயித்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதி தர்மருடையது. "பேருக்கு ஆடிட்டுப் போற ஆட்டத்துக்கு எவன்லே வருவான்? ஒரு பயம் இருக்கணும்" என்றான். கீழே நான் என் கையாலேயே, தடித்த எழுத்தில், ஆகிவந்த வாசகத்தைச் சேர்த்தேன்: 'விழாக்குழுவினரின் முடிவே இறுதியானது.'

நாக்-அவுட் போட்டியில் தோற்றவன் பையெல்லாம் ஜெயித்தவனுக்கு என்றால், கடைசியில் எல்லாப் பையும் எங்கே போய்ச் சேரும்? இதற்குக் கணிதப் பட்டம் தேவையில்லை, ஐந்தாம் வகுப்பு போதும். பட்டம் வாங்கியவனுக்குத்தான் தோன்றவில்லை. அவன் பெயர்களின் வரிசையில் மூழ்கியிருந்தான்.

போட்டியன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. அதற்கு நான் செய்த வேலை ஒரு காரணம். 'மாபெரும் மல்யுத்த' என்பதை எட்டு அங்குலத்துக்கும் 'கார்டு' என்பதைக் கொசு அளவுக்கும் அடித்திருந்தேன். பெரிய ஆட்கள் பாதிப்பேர் நிஜக் குஸ்தி பார்க்க வந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினரான அரிசி ஆலை முதலாளியும் அப்படித்தான். மேடை ஏறியதும் என் காதில், "மணல் கொட்டலையாப்பா? பயில்வானுக எங்க தங்கியிருக்காக?" என்று கேட்டார். நான் பிள்ளைகளைக் காட்டினேன். மனுஷன் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, எழுதி வைத்திருந்ததை மாற்றாமல், உடற்பயிற்சியின் அவசியத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். காலை ஒன்பது மணிக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்த பிள்ளைகள், மடியில் பையை வைத்தபடி, ஒவ்வொரு பொன்னாடைக்கும் கை தட்டினார்கள். முதல் கார்டு கீழே விழுந்தபோது மணி மூன்று.

சுருளிப்பட்டியிலிருந்து வந்த ஆள் ஒரு பெண்பிள்ளை. பெயர் பாண்டீஸ்வரி, ஏழாம் வகுப்பு. அந்த ஊரின் நட்சத்திர ஆட்டக்காரனுக்கு முதல்நாள் அம்மை போட்டுவிட்டதாம். வேறு வழியில்லாமல் இவளை அனுப்பியிருந்தார்கள். அவளுக்குச் சொந்தமாக ஒரு கார்டுகூடக் கிடையாது. பையன்கள் ஆடும்போது தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி, ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பார்த்தே அத்தனை கார்டின் அத்தனை எண்ணையும் மனப்பாடம் செய்திருந்தாள். அம்மா ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவள். தோட்டத்துச் சாக்குப் பை ஒன்றில்தான் ஊர்க் கார்டெல்லாம் வந்திருந்தது. பையைத் திறந்தால் மண்டபமே பாயச வாசம் அடித்தது.

"நீயா ஆடப்போற?" என்று தர்மர் கேட்டான்.

"ஆமாண்ணே. தோத்தா ஊருக்குள்ள வராதன்னு சொல்லி விட்டுருக்காக" என்றாள்.

அவள் தோற்கவில்லை. எதிராளி போட்ட கார்டு எந்த அடுக்கில் எத்தனாவதாகப் போனது என்றுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. பண்ணைப்புரத்தின் பை அவளிடம் வந்தது. அதற்கு முன் தோற்ற நாலு ஊர்ப் பைகள் அதற்குள் இருந்தன. இறுதி ஆட்டத்தில் மார்க்கையன்கோட்டைப் பையன் கண்ணில் தண்ணீர் நிற்க, "மார்பளவு" என்று கேட்டான். அவள் கார்டைப் பார்க்காமலே, "அம்பத்தெட்டு. ஒனக்கு அம்பத்தாறு" என்றாள். அவன் பையைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினான். கூட்டம் ஆரவாரம் செய்தது. சிறப்பு விருந்தினர் எப்போதோ போயிருந்ததால் தர்மரே கோப்பை கொடுத்து, தானே பேசினான். பள்ளத்தாக்கின் அத்தனை கார்டுகளும் ஒரே சாக்கில் சுருளிப்பட்டி டவுன் பஸ்ஸில் ஏறிப் போயின. வாசலில் மற்ற ஊர்ப் பிள்ளைகள் வெறும் பையோடு நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அதையும் நாங்கள் வரலாறு காணாத வெற்றி என்றுதான் பேசிக்கொண்டோம்.

திங்கட்கிழமை படிக்கட்டில் யாரும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. புதிதாக வாங்கித் தரக் கேட்ட பிள்ளைகளுக்கு வீட்டில் முதுகில் விழுந்ததாகக் கேள்வி. பள்ளிக்கூடங்களில் கார்டைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விற்பனை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் என்று எண்ணி வாங்கி அடுக்கிய சாலமன் பெட்டிகளின் மேல் கர்த்தரை விளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு மாதம் கழித்துப் பாண்டீஸ்வரி கடைக்கு வந்தாள். முதுகில் சாக்கு.

"அண்ணே, இத அவுகவுகளுக்கே திருப்பிக் குடுத்துருங்கண்ணே."

"ஏத்தா? நீ ஜெயிச்சதுல்ல?"

"வச்சு என்ன பண்ண? எங்க ஊருப் பயலுக அவுக கார்ட வாங்கிக்கிட்டு, ஒங்கூட ஆடுனா எல்லாம் போயிரும்னு ஓடுறாங்கெ. வேற ஊருல யார்ட்டயும் கார்டே இல்லை. எனக்குக் கார்டு வேணாம்ணே. ஆட ஆளு வேணும்."

சாக்கை மேசைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுக் குழுவைக் கூட்டினேன். அன்று மாலையே பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தால் ஊருக்கு ஒரு கட்டாக பஸ்ஸில் கொடுத்தனுப்பி முடித்திருக்கலாம். ஆனால் நாங்கள் கழகம் அல்லவா? 'மாபெரும் கார்டு திருப்பியளிப்பு விழா' என்று தீர்மானம் போட்டோம். விழா என்றால் சிறப்பு விருந்தினர், அவருடைய தேதி, நோட்டீஸ். நோட்டீஸ் என்றால் பெயர். போன தடவை சாலமன் பெயர் மூன்றாவதாக வந்ததில் அவன் அப்பா வருத்தப்பட்டாராம். இந்தத் தடவை முதலில் வர வேண்டும். தலைவர் பெயருக்கு மேல் பொருளாளரா என்று தர்மர் குதித்தான். ஏழு விதமாக நோட்டீஸ் அடித்தேன். ஏழாவதை அச்சுக்கு அனுப்பும் முன்தான் கவனித்தேன், கார்டைத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளையின் பெயர் அதில் எங்குமே இல்லை. தர்மரிடம் சொன்னேன். "எடம் இருந்தாப் போடுலே" என்றான். இடம் இல்லை. என் பெயரை ஒரு அளவு சிறிதாக்கியிருந்தால் இருந்திருக்கும்.

அவள் வாரம் ஒருமுறை பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்று, "விழா எப்பண்ணே?" என்று கேட்பாள். நான் அடுத்த வாரம் என்பேன். விழா நடக்கவில்லை. கரையான் முந்திக்கொண்டது. கடையின் பின்சுவர் மண்சுவர். தலைமை, முன்னிலை எதுவும் இல்லாமல், அதுவும் அதன் குழுவும் வந்து, மொட்டையையும் சங்கிலியையும் சடையனையும் தின்று தீர்த்துவிட்டுப் போயிருந்தன. நான் சாக்கை இழுத்தபோது ஏலக்காய் வாசமும் ஈர மண்ணும்தான் மிச்சம்.

அடுத்த முறை பாண்டீஸ்வரி வந்தபோது சொன்னேன்.

"எல்லாமாண்ணே?"

"எல்லாந்தான் ஆத்தா."

அழுவாள் என்று நினைத்தேன். சாக்கைக் கவிழ்த்து மண்ணை உதறினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்து என் எதிரே போட்டாள்.

"போனாப் போகுதுண்ணே. நம்பரு அம்புட்டும் எனக்குத் தெரியும். கார்டு இல்லாமயே வாயால ஆடலாம். இங்கன ஒரே ஒரு ஆட்டம் ஆடுவமா? ஒங்களுக்கு மொட்டை. நீங்களே மொதல்ல கேளுங்க."

கழகத்தின் செயலாளரிடம் அந்தப் பிள்ளை கேட்டது அவ்வளவுதான். மொட்டையின் ஓர் எண்கூட எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

"வேலை கெடக்குத்தா. அடுத்த வாரம் வா" என்றேன்.

அன்று கரண்டு இல்லை. கம்ப்யூட்டர் அணைந்து கிடப்பதை அவளும் பார்த்தாள். "சரிண்ணே" என்று ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. படிக்கட்டை இடித்துச் சாய்தளம் போட்டுவிட்டார்கள், பிள்ளைகள் உட்கார இடமில்லை. பேன்சி ஸ்டோரும் இல்லை, தர்மரின் நாற்காலியும் இல்லை. பள்ளத்தாக்கில் தேடினால் ஒரு கார்டு அகப்படுமா என்பது சந்தேகம். முதல் நோட்டீஸ் மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அப்போதே லேமினேட் செய்து வைத்துவிட்டேன். அதில் நாற்பத்தோரு பெயர்கள். என் பெயர் நாலாவது.

டீ ஆறிப்போயிருந்தது. பக்கத்தில் நின்றவருக்கு என் வயதுதான் இருக்கும். கேட்டுப் பார்த்தேன், அந்தக் காலத்துக் கார்டில் மொட்டையின் எடை எத்தனை என்று ஞாபகம் இருக்கிறதா என்று. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கிளாஸை வைத்து நகர்ந்துவிட்டார். எனக்கு இன்று வரை தெரியாது.