மிளகாய் பூசிய சாமி

பிள்ளைகளா, மல்லாங்கிணறு பஸ்ஸில் போகும்போது நம் பருத்திக் காட்டுக்குப் பின்னால் ஒரு மேட்டைப் பார்த்திருப்பீர்கள். கருவேல முள்ளுக்குள் உடைந்த தூண்கள், முழங்கை நீளச் செங்கற்கள், நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்த அம்மணச் சாமி. மொட்டைச்சாமி என்போம். சாய்ந்து கிடக்கும் ஒரு பாவுகல்தான் அதற்குக் கூரை.

மழை தவறினால் அந்தச் சாமி மேல் மிளகாய் அரைத்துப் பூசுவது நம் ஊர் வழக்கம். எரிச்சல் தாங்காமல் மழையை வரவழைக்கும் என்பார்கள். பெய்ததும், பூசியவனே கழுவிக் குளிர வைக்க வேண்டும்.

நீங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த ஓர் ஐப்பசியில் பருத்தி நாலு இலையோடு வாடி நின்றது. அந்த முறை பூசியவன் நான். கண் பக்கம் போனதும் கை தயங்கியது.

"என்ன மாப்ள, சாமிக்கு மை தீட்டுறியா? நல்லா அப்பு," என்றார் உங்கள் மாமா.

அப்பினேன்.

மூன்றாம் நாள் மழை. களையெடுப்பு, உரம் என்று ஓடியதில் கழுவ மறந்துவிட்டேன். நினைவு வந்தபோது உங்கள் அம்மா, "பெய்யிற மழை கழுவாததையா நீங்க கழுவப்போறீக?" என்றாள். அதுவும் சரிதான் என்று இருந்துவிட்டேன்.

மழை நிற்கவில்லை. கரிசலில் கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கியது. பருத்தி வேரழுகிக் கறுத்தது. கண்மாய்க் கரை கசிகிறது என்று ஊரே ஓடிய அன்று நான் மேட்டுக்கு ஓடினேன். பாவுகல்லுக்கு அடியில் ஒரு சொட்டும் விழுந்திருக்கவில்லை. நான் பூசியபடியே முகம் சிவப்பாக இருந்தது. கழுவினேன். கை எரிந்தது. அன்று சாயங்காலம் மழை விட்டது. கழுவியதால்தான் விட்டது என்று நான் சொல்லமாட்டேன். பருத்தி மிஞ்சவில்லை.

பிறகு காரியாபட்டிப் பக்கமிருந்து கல்வெட்டு படிக்கிற வாத்தியார் ஒருவர் வந்தார். "இது சமணர் பள்ளி. எறும்பு மிதிபடக் கூடாதுன்னு மயில்பீலியால தரையக் கூட்டிக்கிட்டே நடந்தவுக இருந்த எடம்," என்றார். சிலையை உற்றுப் பார்த்துவிட்டு, "காது மடிப்புல என்னய்யா செவப்பா?" என்று கேட்டார்.

இந்த வருஷமும் மேகம் இல்லை. பருத்தி அதே நாலு இலையில் நிற்கிறது. நேற்று மாமா வந்தார்.

"ஒன் கை ராசியான கை மாப்ள. வா."

"நான் வரல."

"அப்ப காடு காயட்டுங்கிறியா?"

இதை எழுதும்போதே அவர் வீட்டிலிருந்து மிளகாய் வத்தல் அரைக்கும் நெடி வருகிறது. என்னால் தடுக்க முடியாது. ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். மழைக்குக் காத்திருக்கப் போவதில்லை. அவர்கள் மேட்டிலிருந்து இறங்கியதும் நான் ஏறுவேன். அதற்குப் பிறகு மழை வராவிட்டால் ஊர் என்னைத்தான் சொல்லும். ஏன் கழுவினேன் என்று உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.