கல்யாணப் பொண்ணு வருது, வழி உடுங்க

நீங்க நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி. பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா சிரிச்சிகினே எழுந்து போற ஆளு நான். இது அந்த மாதிரியும் இல்ல, நடந்தது நல்ல வெயில்ல, அதுவும் என் கல்யாணத்தன்னிக்கி காலைல.

கோலார் தங்கவயல்ல இருந்து பெங்களூரு அல்சூர் சர்ச்சுக்கு வேன்ல கிளம்பினோம், பங்காருபேட்டைகிட்ட வேன் நின்னுபோச்சி. எங்களுக்கு அடுத்து இன்னொரு கல்யாணம் இருக்கு, லேட்டானா சாயங்காலம்தான்னு ஃபாதர் முன்னாடியே சொல்லிட்டாரு. அப்பா யோசிக்கவே இல்ல, மொத்த சொந்தத்தையும் ட்ரெயின்ல ஏத்திட்டாரு. ஆபீஸ் போறவங்க நடுவுல வெள்ளப் புடவை, தலைல இருந்து தொங்குற வலை நெட்டு, கைல பொக்கேயோட நான். சித்தப்பா வேற பாட ஆரம்பிச்சிட்டாரு.

பையப்பனஹள்ளில இறங்கி மெட்ரோவுக்குப் போக மேம்பாலம் ஏறினா, நகர இடமில்ல. என் நெட்டு யாரோ பையில மாட்டி இழுக்குது, எனக்கு அழுகையே வந்துடிச்சி. அப்பதான் ஸ்பீக்கர்ல ஒரு அம்மா குரல், அப்படியே எங்க ஊர்த் தமிழ்ல.

"கல்யாணப் பொண்ணு வருது, வழி உடுங்கப்பா!"

அங்க தமிழ்ல எங்கங்க சொல்லுவாங்க? ஆனா கூட்டம் ரெண்டா பிரிஞ்சிடிச்சி. கை தட்டுறாங்க, விசில் அடிக்கிறாங்க, ஒரு கன்னடக்கார அம்மா தன் தலைல இருந்த பூவ எடுத்து எனக்கு வச்சிட்டு, "யாரம்மா அது, எவ்ளோ சென்னாகி, அழகா கன்னடத்துல சொன்னாங்க"ன்னாங்க. பக்கத்துல லேப்டாப் பை மாட்டின ஒருத்தர், இல்லவே இல்ல, இந்தின்னு சாதிக்கிறாரு. நின்னு கேக்க நேரமேது, புடவையத் தூக்கிப் பிடிச்சிகினு ஓடினோம். அடுத்த பொண்ணு கார்ல வந்து இறங்கும்போது என் கழுத்துல தாலி ஏறிடிச்சி.

அப்புறமா ஸ்டேஷன்ல போய்க் கேட்டோம். "ட்ரெயின் பேரத் தவிர ஸ்பீக்கர்ல யாரும் எதுவும் சொல்லலையேம்மா"ன்னாரு அங்க இருந்தவரு.

கூட்டத்துல யாரோ கத்தியிருப்பாங்கன்னு சொல்லுவீங்க. நானும் அப்படியே உட்டிருப்பேன், ஸ்டெல்லா மட்டும் இல்லன்னா. சித்தப்பா பொண்ணு, பொறந்ததுல இருந்து சுத்தமா காது கேக்காது. அன்னிக்கி என் பின்னாடிதான் வந்தா. விருந்துக்குப் போனப்ப, கையால கேட்டா: "ஸ்டேஷன்ல பேசினாங்களே, அந்த அம்மா யாரு?"

யாரும் அவகிட்ட அதப் பத்திச் சொல்லல. எல்லாரையும் கேட்டுட்டேன்.

இப்பவும் அவளோட போனா, பையப்பனஹள்ளி வந்ததும் என்னப் பேசாதன்னு கை காட்டிட்டு, தலைய சாய்ச்சி நிக்குறா. மொகமெல்லாம் சிரிப்பு. என்னடி சொல்றாங்கன்னு கேட்டா, சொல்ல மாட்டேங்குறா.