கிணற்று மூச்சு

லப்பைக்குடிக்காட்டில் வெள்ளாறு வருஷத்தில் பாதி நாள் மணலாகத்தான் கிடக்கும். நாங்கள் நீந்தப் பழகியது வயல் கிணறுகளில். என்னைவிட நாலு வயது இளையவனான என் மாமி மகனுக்கு நான்தான் வாத்தியார். "மூச்ச விட்டுடாதடா. வாய இறுக்கி மூடிக்க. தலை வெளிய தெரியற வரைக்கும் அடக்கியே வெச்சிருக்கணும்." அவன் உள்ளே கிடக்க, மேலே நின்று நூறு வரை எண்ணிக் கைதட்டியிருக்கிறேன். பெரிய மேதாவி நான்!

ஊரே துபாய், சவூதி என்று கிளம்பியபோது நான் மாலத்தீவுக்குப் போனேன். ஒரு தீவு விடுதியில், கடலுக்கடியில் இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு சிலிண்டரில் காற்று நிரப்பும் வேலை. இரண்டாயிரத்து இரண்டில் அவனையும் சமையற்கட்டு வேலைக்கு வரவழைத்தேன். மாமி அழுதாள். "நான் இருக்கேன்ல மாமி" என்றேன்.

விடுமுறை நாட்களில் விடுதிப் பயிற்சியாளர் எங்கள் இருவருக்கும் கரையோரத்தில் முக்குளிக்கச் சொல்லிக்கொடுத்தார். சிலிண்டர் காற்றை இழுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும் என்றார். அதை அவனுக்குத் தமிழில் சொன்னவன் நான்தான். நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் தலையாட்டினான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மூவரும் பவளப்பாறைக்குப் போனோம். தோணி எங்களை இறக்கிவிட்டு, மேலே வரும் குமிழிகளைப் பார்த்தபடி கூடவே வந்தது. காலை அசைக்கவே வேண்டாம், நீரோட்டமே கூட்டிக்கொண்டு போகும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவது மாதிரி பாறை நகர்ந்தது. மஞ்சள் மீன் கூட்டம், அவசரமே இல்லாத ஒரு ஆமை. கையைக் கட்டிக்கொண்டு மிதந்தோம். கண்ணாடிக்குள் அவன் கண்கள் சிரித்தன. அடடா, அப்படியொரு சுகத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

பயிற்சியாளர் மேலே போகலாம் என்று கை காட்டினார். அதே நேரம் நீரோட்டம் வேகமெடுத்து எங்களைப் பாறை முனையில் சுழற்றியது. அவன் மிரண்டுவிட்டான். மிரண்டவனுக்குப் பாடம் எங்கே ஞாபகம் வரும்? கன்னம் உப்பியது. குமிழி நின்றது. மேலே பாய்ந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நம்ம ஆளு என்று ஒரு நொடி பெருமையாகப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. கையை நீட்டினேன், அவன் கால் விரலில் பட்டு நழுவியது.

தோணியில் அவன் வாயோரம் சிவப்பாக நுரை வந்தது. தீவு போய்ச் சேருமுன் மௌத்தாகிவிட்டான்.

ஊரில் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து எல்லோரும் போன பிறகு, மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஒங்க மாமா காதுல இத போட்டுடாத" என்றாள். "தெரிஞ்சா ஒன்னய வூட்டுக்குள்ள விட மாட்டாரு. அவனப் பத்திப் பேச எனக்கு வேற யாரு இருக்கா?"

மாலத்தீவுக்கு நான் திரும்பவில்லை. வாரம் ஒருமுறை மாமியைப் பார்க்கப் போவேன். "கடலுக்குள்ள என்னென்ன பாத்தான், சொல்லு" என்பாள். மீன், ஆமை, அவன் சிரித்தது எல்லாம் சொல்வேன். பயிற்சியாளர் கை காட்டிய இடம் வந்ததும், "போதும், அங்கயே நிறுத்திக்க" என்று எழுந்து உள்ளே போய்விடுவாள். மீதியைப் பார்த்துக்கொண்டே நான் வீடு வரைக்கும் நடப்பேன்.