செங்கல்லுக்குக் காவல்

முதுகில் ஸ்பிரிட் படும்போது ஒரு குளிர்ச்சி. அடுத்து உள்ளங்கையின் சூடு. கடைசியாகப் பவுடர் வாசனை…

எண்பதுகளில் தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரி. என் காலை நேரம் அப்படித்தான் தொடங்கும்.

"படுத்தே கெடந்தா முதுகு புண்ணாயிரும் பாப்பா. கட்டிலுக்கு மேல தொங்குற புடியப் புடிச்சி கொஞ்சம் எழும்பு… அவ்வளவுதான்."

ரெஜினா சிஸ்டர். கம்பைநல்லூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். தேய்த்து முடித்ததும் கால்மாட்டுக்குப் போவார். "வெரல ஆட்டு." ஆட்டுவேன். பெருவிரலை அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார்.

நல்லம்பள்ளி வளைவில் பஸ் படியிலிருந்து விழுந்து எனக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. முட்டிக்குக் கீழே ஒரு கம்பியைக் குறுக்காகச் செலுத்தி, அதில் கயிறு கட்டி, கயிற்றைக் கப்பி வழியாகக் கட்டிலுக்கு வெளியே விட்டிருந்தார்கள். அதன் முனையில் ஒரு துணிப்பை. பைக்குள் செங்கற்கள். அந்தப் பாரம் இரவும் பகலும் காலை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எலும்பு ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கால் குட்டையாகச் சேர்ந்துவிடும்.

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா வார்டு வாசலிலேயே சொல்லிவிட்டார். "காலு கோணிப்போச்சுன்னா காலேஜி எதுக்கு? வூட்லயே இருக்கட்டும்."

நடப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

துணைக்கு இருந்தவர் ஏரியூர்ப் பெரியம்மா. ஆடு மாடுகளோடு பழகியவர். எந்த உயிரையும் கட்டி இழுத்து வைத்திருப்பது அவருக்குப் பொறுக்காது.

"பாவிங்க, புள்ள கால்ல செங்கல்லத் தொங்க வுட்டிருக்காங்களே…"

சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் ஸ்டூலை நகர்த்தி, பையைத் தூக்கி அதன்மேல் வைப்பார். கயிறு தொய்யும். உடம்பு முழுக்க ஒரு சுகம். "செத்த நேரம் ஓய்வெடுத்துக்க கண்ணு." காலடிச் சத்தம் கேட்டால் ஸ்டூல் தள்ளிப் போய்விடும்.

சிஸ்டர் திட்டுவார் என்று தெரியும்; அதனால் கால் கெடும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. ஆறுதல் என்றுதான் நினைத்திருந்தோம்.

ஒருநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் டேப்பை வைத்து அளந்தார். இடது கால் குட்டை. முன்பைவிடக் கூடுதல் குட்டை. "பாரம் தொங்கிட்டுத்தானே இருக்கு?" என்றார். சிஸ்டர் பையைப் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் பார்த்தார். அதன்மேல் செங்கல் பொடி.

டாக்டர் வார்டை விட்டுப் போனார். சிஸ்டர் பெரியம்மாவின் கையைப் பிடித்து என் குதிகால் இரண்டையும் தொட வைத்தார்.

"தெரியுதுங்களா, எது மேல இருக்குன்னு?"

பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அழுதா கால் நீளுமாங்க? இனிமே இந்தச் செங்கல்லுக்கு நீங்கதான் காவல். யாரும் தூக்கக் கூடாது. தரையில முட்டக் கூடாது. நானே வந்தாலும் தொட வுடாதீங்க."

அன்றிலிருந்து பெரியம்மா அந்தப் பைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பார்க்க வந்த அத்தை ஒருத்தி, "ஐயோ, ரொம்ப இழுக்குதே" என்று குனிந்தாள். "கைய எடுடி. உன் கண்ணுல கொள்ளி வைக்க. புள்ள காலேஜி போவோணும்."

அடுத்த ரவுண்ட்ஸில் டாக்டர் கயிற்றைச் சரிபார்க்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க."

"நான் டாக்டருங்கம்மா."

"இருக்கட்டுங்க. சிஸ்டரக் கேட்டுட்டு வாரேன், அதுவரைக்கும் நில்லுங்க."

நின்றார். பக்கத்துக் கட்டில் அக்கா போர்வைக்குள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது… சிஸ்டர் வந்து, முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல், "இவரு தொடலாமுங்கம்மா" என்றார்.

கம்பியை எடுக்கும் நாளுக்கு முன் மறுபடியும் அளந்தார்கள். டாக்டர் டேப்பைச் சுருட்டியபடி பெரியம்மாவைப் பார்த்து, சரியாகிவிட்டது என்பதுபோல் தலையசைத்தார்.

கோலூன்றிப் பழகி, பிறகு கோலை விட்டு, அந்த வருஷமே கல்லூரிக்குத் திரும்பினேன். அதே பஸ். படியில் மட்டும் நிற்பதில்லை.

சமீபத்தில் என் கணவருக்கும் அதே எலும்பு முறிந்தது. உள்ளே ஒரு ராடு வைத்துச் சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கப்பி இல்லை, கயிறு இல்லை. துணைக்கு ஒருவர் மட்டும், கழுத்தில் பாஸோடு. நல்லதுதான். ஷிப்டுக்கு ஒரு சிஸ்டர் வந்தார். ஒருவர் பெயரும் மனதில் நிற்கவில்லை. ஆனால் ஒரு பெண் வந்து அவருடைய பெருவிரலை அழுத்திப் பார்த்து, "வெரல ஆட்டுங்க" என்றாள். எனக்கு முதுகில் பவுடர் வாசனை வந்தது.

என் செருப்புகள் இரண்டும் ஒரே மாதிரிதான் தேய்கின்றன. வாங்கிய ஒவ்வொரு ஜோடியையும் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

கணவரின் ஆஸ்பத்திரி அறையில், கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அங்கே எதுவும் தொங்கவில்லை. இருந்தாலும் அதைத் தூரமாகச் சுவரோரம் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.