தரை தொடாத அங்கி

ஊரில் நடந்த போருக்குத் தப்பி இங்கிலாந்து வந்து, அப்டன் பார்க்கில் தையல்கடை வைத்திருந்த அன்ரி, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டேதான் பேசுவார். சிரித்து நான் கண்டதில்லை. பழங்காலப் போர்களை நடித்துக் காட்டும் எங்கள் குழுவுக்காக, இடைக்கால இங்கிலாந்துப் பெண்ணின் அங்கி ஒன்றை அவரிடம் தைக்கக் கொடுத்தேன். அது தரையில் புரள வேண்டும் என்று படமும் காட்டினேன்.

"உமக்கு என்ன வேஷம், பிள்ளை?"

"ஊரை விட்டு ஓடேக்க வெட்டுப்பட்டுச் சாகிற பொம்பிளை, அன்ரி."

"நடிச்சு முடிய எழும்புவீரோ?"

"ஓம். எல்லாரும் எழும்பித் தேத்தண்ணி குடிப்பம்."

அவர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு என் காலடியில் குந்தினார்.

வாங்கப் போனபோது அங்கி கணுக்காலுக்கு மேலேயே நின்றது. கோபத்தோடு ஏனென்று கேட்டேன். முதல் தடவையாக ஊசிகளை வாயிலிருந்து எடுத்தார்.

"நிலத்தில இழுபட்டால் ஓட ஏலாது."

நடிப்பன்று வாளோடு ஒருவன் துரத்தினான். விழ வேண்டிய இடம் வந்தும் என் கால்கள் நிற்கவில்லை.